தேடலில் முன்னிடம்: விலைக்கு வாங்க இயலாத நன்மதிப்பு

சிறுதொழில் நடத்தும் வாடிக்கையாளர்களின் செலவுக் கணக்கில் அண்மை ஆண்டுகளாகப் புதிய தலைப்பு ஒன்று இடம்பெற்று வருகிறது. வாடகை, மின்கட்டணம், சரக்குப் போக்குவரத்து ஆகியவற்றுக்குக் கீழே, ‘இணையதள மேம்பாடு’ என்று குறிக்கப்படும் தொகையே அது. ‘கூகுள் தேடலில் உங்கள் கடையை முதலிடத்திற்குக் கொண்டுவந்து விடுகிறோம்’ என்று உறுதி கூறி, ஆண்டுச் சந்தாவாகவோ மாதத் தவணையாகவோ இத்தொகையைப் பெறுவோர் பலர் உள்ளனர். அவர்களுள் நேர்மையாகப் பணியாற்றுவோரும் உண்டு. எதையும் செய்யாமல் பணம் பெறுவோரும் உண்டு. இருவரையும் வேறுபடுத்தி அறிய இயலாத நிலையில்தான் தொழில் உரிமையாளர்கள் பெரும்பாலும் இருக்கின்றனர்.

இச்செலவு தகுமா, தகாதா என்று முடிவு செய்ய ஒருவர் கணினி வல்லுநராக வேண்டியதில்லை. தேடுபொறி ஒரு பக்கத்தை எவ்வாறு எடைபோடுகிறது என்பதன் அடிப்படை விளங்கினால் போதும். அவ்வடிப்படையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வங்கித் துறையினருக்குப் பழக்கமான ஓர் ஒப்புமையோடு தொடங்கலாம். கட்டணமில்லாத தேடல் முடிவுகளில் ஒரு பக்கம் பெறும் இடம், கடன் பெறுவோரின் நன்மதிப்பைப் போன்றது. தெளிவான விவரங்கள், காலப்போக்கில் சேர்ந்த நடத்தை, பிறர் அளிக்கும் சான்று ஆகியவற்றால் அது உருவாகிறது. உருவாக்க உதவுவோர் இருக்கலாம்; விற்பவர் எவரும் இருக்க இயலாது.

மூன்று படிகள்

தேடுபொறியின் பணியை மூன்று படிகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, உலாவுதல். தேடுபொறியின் தானியங்கி நிரல், ஒரு பக்கத்திலுள்ள இணைப்புகளைப் பின்பற்றி அடுத்த பக்கத்திற்கும், அங்கிருந்து மற்றொன்றுக்கும் இடைவிடாமல் சென்று கொண்டேயிருக்கிறது. எந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்பு இல்லாத ஒரு பக்கத்தை அது காண்பது அரிது.

இரண்டாவது, பதிவேற்றுதல். தான் கண்ட பக்கத்தின் சொற்கள், தலைப்பு, படங்களின் விளக்கம் முதலியவற்றைப் பெரும் பேரேடு ஒன்றில் அது பதிந்துகொள்கிறது. நாம் தேடும்போது தேடுபொறி உலகத்தின் இணையப் பக்கங்களையெல்லாம் அந்தக் கணத்தில் புரட்டுவதில்லை. தனது பேரேட்டையே புரட்டுகிறது. ஆகவே, பேரேட்டில் பதியப்படாத பக்கம் தேடல் முடிவில் தோன்றவே தோன்றாது.

மூன்றாவது, வரிசைப்படுத்துதல். தேடியவர் எதை அறிய விரும்புகிறார், எந்த ஊரிலிருந்து தேடுகிறார், எந்த மொழியில் கேட்கிறார் என்பவற்றைக் கருதி, பொருத்தமான பக்கங்களை அது ஒழுங்குபடுத்துகிறது. ஒரே சொல்லைப் பூனாவிலிருந்து ஒருவரும் பாட்னாவிலிருந்து மற்றொருவரும் தேடினால் இருவருக்கும் வெவ்வேறு வரிசை கிடைக்கக்கூடும். எனவே, ‘முதலிடம்’ என்பது எல்லோருக்கும் பொதுவான ஓர் இடமன்று.

உங்கள் தளம் பேரேட்டில் உள்ளதா என்பதை நீங்களே சோதிக்கலாம். தேடும் கட்டத்தில் ‘சைட்’ என்னும் ஆங்கிலச் சொல்லையும், அதனையடுத்து முக்காற்புள்ளியையும், இடைவெளியின்றி உங்கள் தள முகவரியையும் உள்ளிடுக. உங்கள் பக்கங்கள் வரிசையாகத் தோன்றினால் பதிவு நடந்துள்ளது. ஒன்றுமே தோன்றாவிடில், தளத்தை வடிவமைத்தவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். தளம் முழுமை பெறுமுன் ‘இப்பக்கத்தைப் பதியாதே’ என்ற குறிப்பை நிரலில் வைப்பது வழக்கம். பணி முடிந்தபின் அதை நீக்கினாரா என்பதே அக்கேள்வி. மாதக்கணக்கில் கவனிக்கப்படாமல் கிடக்கும் இந்த ஒற்றை வரி, மற்றெல்லா உழைப்பையும் வீணாக்கிவிடும்.

இணைப்பு என்னும் சான்று

1990களில் இருந்த தேடுபொறிகள் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தேடிய சொல் எத்தனை முறை வருகிறது என்பதையே கணக்கிட்டன. ஆகவே, ஒரே சொல்லை நூறு முறை எழுதியவர் முன்னால் வந்தார். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜ், செர்ஜி பிரின் ஆகிய இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வுரையில் வேறொரு வழியை முன்வைத்தனர். ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பிற ஆய்வாளர்கள் எத்தனை பேர் மேற்கோள் காட்டுகின்றனர் என்பதைக் கொண்டு அதன் மதிப்பை அறிவது கல்வித் துறையின் மரபு. அவ்வாறே, ஒரு பக்கத்தை நோக்கிப் பிற பக்கங்கள் அளிக்கும் இணைப்புகளைச் சான்றாகக் கொள்ளலாம் என்றனர். மதிப்புடைய பக்கம் அளிக்கும் இணைப்புக்கு மதிப்பு மிகுதி. ‘பேஜ்ரேங்க்’ என்று பெயர்பெற்ற இக்கருத்தே, அதே ஆண்டில் தொடங்கப்பெற்ற கூகுள் நிறுவனத்தின் அடித்தளமாயிற்று.

கடன் கேட்டு வருபவரைப் பற்றி ஊரில் நாணயமானவர் ஒருவர் கூறும் சொல்லுக்கும், முன்பின் அறியாத பத்துப் பேர் கூறும் சொல்லுக்கும் உள்ள வேறுபாடு இதில் அமைந்துள்ளது. இன்று இணைப்பு ஒன்று மட்டுமே அளவுகோலாக இல்லை; பல நூறு குறிப்புகள் சேர்த்து நோக்கப்படுகின்றன. எனினும், ‘பிறர் தாமாக முன்வந்து அளிக்கும் சான்று’ என்னும் அடிப்படை மாறவில்லை.

ஓர் எடுத்துக்காட்டு: சன்னபட்டணா பொம்மைகள்

பெங்களூருவிலிருந்து மைசூருவுக்குச் செல்லும் சாலையில் உள்ளது சன்னபட்டணா. வெட்பாலை மரத்தைக் கடைந்து, அரக்கு வண்ணம் ஏற்றிச் செய்யப்படும் அவ்வூர்ப் பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை. அங்குப் பொம்மை செய்து விற்கும் ஒரு குடும்பம் இணையதளம் ஒன்றை அமைத்திருப்பதாகக் கொள்வோம். முகப்பில் அழகிய படம். மேலே ‘வரவேற்கிறோம்’ என்ற சொல். கீழே தொலைபேசி எண். அவ்வளவே. இத்தளம் தேடலில் ஏன் தோன்றுவதில்லை?

முதற்காரணம், தலைப்பு. ஒவ்வொரு பக்கத்திற்கும் நிரலில் ஒரு தலைப்பு உண்டு. தேடல் முடிவில் பெரிய எழுத்தில் தெரிவது பெரும்பாலும் அதுவே. ‘முகப்பு’ என்றோ ‘வரவேற்பு’ என்றோ அதை விட்டுவைத்தால் தேடுபொறிக்கும் பயனில்லை, தேடுபவருக்கும் பயனில்லை. ‘ஒரு வயதுக் குழந்தைக்கான மரக் கிலுகிலுப்பை – சன்னபட்டணா’ என்ற தலைப்பு, பக்கத்தில் என்ன உள்ளது என்பதை ஒரே வரியில் கூறிவிடுகிறது. தலைப்பின் கீழ் இரண்டு வரிச் சுருக்கம் ஒன்றும் எழுதலாம். தேடுபொறி அதையே காட்டும் என்ற உறுதியில்லை. எனினும் நன்றாக எழுதப்பட்டிருந்தால் பல நேரங்களில் அதையே எடுத்துக்கொள்கிறது.

இரண்டாவது, சொல். தொழில் செய்பவர் தம் தொழிலின் சொல்லால் எழுதுகிறார். வாங்குபவர் தம் தேவையின் சொல்லால் தேடுகிறார். ‘அரக்குப் பூச்சுக் கடைசல் கைவினைப் பொருள்’ என்று தேடுபவர் மிகச் சிலரே. ‘குழந்தை வாயில் வைத்தாலும் தீங்கு செய்யாத பொம்மை’, ‘பிறந்தநாளுக்கு மரப் பரிசு’ என்று தேடுபவர் பலர். கடைக்கு வருபவர்களும் தொலைபேசியில் பேசுபவர்களும் கேட்கும் கேள்விகளை ஒரு மாத காலம் குறிப்பேட்டில் எழுதி வைத்தால், பக்கத்தில் எவற்றை எழுத வேண்டும் என்பது தானே புலப்படும். வண்ணம் எதிலிருந்து எடுக்கப்படுகிறது, எந்த வயதுக்கு ஏற்றது, நீரில் கழுவலாமா, உடைந்தால் மாற்றித் தரப்படுமா, அஞ்சலில் வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்பன போன்ற கேள்விகளுக்கான நேர்மையான விடைகளே சிறந்த உள்ளடக்கம்.

மூன்றாவது, ஒரு பொருளுக்கு ஒரு பக்கம். நாற்பது பொம்மைகளையும் ஒரே பக்கத்தில் அடுக்கினால், அப்பக்கம் எதைப் பற்றியது என்று முடிவு செய்வது தேடுபொறிக்குக் கடினம். ஒவ்வொன்றுக்கும் தனிப்பக்கம், அவற்றை வகைப்படுத்தும் தொகுப்புப் பக்கம், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் இணைப்பு என்ற ஒழுங்கு தேவை.

நான்காவது, படம். விலைப்பட்டியலை அச்சிட்டு, அதைப் படம் பிடித்து ஏற்றிவிடுவது நம் நாட்டில் பரவலான வழக்கம். படத்திலுள்ள எழுத்தைத் தேடுபொறி எழுத்தாகப் படித்துக்கொள்ளும் என்று நம்பியிருத்தல் கூடாது. விலையும் அளவும் எழுத்தாகவே இருத்தல் வேண்டும். ஒவ்வொரு படத்திற்கும் மாற்று விளக்கம் எழுத வழி உண்டு. பார்வைக் குறையுடையோரின் திரைவாசிப்பு மென்பொருளும் அவ்விளக்கத்தையே படித்துக் காட்டுகிறது என்பதால், அதை எழுதுவது கடமையுமாகும்.

இங்கு ஒரு தவறான நம்பிக்கையையும் அகற்றிவிடலாம். நிரலில் மறைவாக ‘திறவுச்சொற்கள்’ என்ற பட்டியலை நிரப்பித் தருவதற்குத் தனிக் கட்டணம் கேட்போர் இன்றும் உள்ளனர். தேடல் வரிசைக்கு அப்பட்டியலைத் தான் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009ஆம் ஆண்டிலேயே வெளிப்படையாக அறிவித்துவிட்டது.

கைப்பேசி, வேகம், பாதுகாப்பு

இந்தியாவில் பெரும்பாலானோர் கைப்பேசி வழியாகவே இணையத்தை அணுகுகின்றனர். கைப்பேசியில் நன்கு படிக்க இயலும் பக்கங்களுக்குக் கைப்பேசித் தேடலில் முன்னுரிமை அளிக்கும் முறையை 2015 ஏப்ரலில் கூகுள் நடைமுறைப்படுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே, மறைகுறியாக்கப்பட்ட பாதுகாப்பான தொடர்பு உள்ள தளங்களுக்குச் சிறிதளவு கூடுதல் மதிப்பு அளிப்பதாகவும் அறிவித்தது. உங்கள் தள முகவரியின் முன் ‘பாதுகாப்பற்றது’ என்று உலாவி எச்சரிக்குமானால், தேடல் வரிசையைக் காட்டிலும் பெரிய இழப்பு ஒன்று உண்டு: வாடிக்கையாளர் அங்கேயே திரும்பிவிடுவார்.

பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 நொடிகளுக்குள் திரையில் தோன்றுதல் நன்று என்பது கூகுள் வகுத்துள்ள அளவு. பெரிய கோப்புகளாக ஏற்றப்பட்ட படங்களே பெரும்பாலும் தாமதத்திற்குக் காரணம். ‘பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்’ என்ற கூகுளின் இலவசக் கருவியில் உங்கள் முகவரியை உள்ளிட்டால் வேகத்தையும், குறைகளையும் அது பட்டியலிட்டுக் காட்டும்.

வரைபடத்தில் உங்கள் கடை

அக்கம்பக்கத்து வாடிக்கையாளரை நம்பியுள்ள கடைகளுக்கு இணையதளத்தினும் முதன்மையானது, கூகுள் வரைபடத்தில் தோன்றும் வணிகக் குறிப்பு. இதற்குக் கட்டணம் இல்லை. கடையின் பெயர், முகவரி, தொலைபேசி எண், திறந்திருக்கும் நேரம், விடுமுறை நாள் ஆகியவற்றை உரிமையாளரே பதிந்து, சரிபார்ப்பை முடித்துக்கொள்ளலாம். பெயரும் முகவரியும் எண்ணும் எல்லா இடங்களிலும் ஒரே வகையாக இருத்தல் வேண்டும். கடை ஆவணங்களில் பெயரும் கையொப்பமும் ஒத்திருக்க வேண்டுவதைப் போல.

இதில் பொருளிழப்புக்கு வழிவகுக்கும் ஓர் ஆபத்தும் உண்டு. ஒரு குறிப்பில் திருத்தம் செய்யுமாறு பொதுமக்களில் எவரும் பரிந்துரைக்கலாம். நல்லெண்ணத்துடன் ஏற்படுத்தப்பட்ட இவ்வசதியைத் தவறாகப் பயன்படுத்தி, 2018இல் மகாராஷ்டிரத்தில் வங்கிக் கிளைகளின் தொலைபேசி எண்ணுக்குப் பதிலாகத் தம் எண்ணைப் புகுத்தி, அழைத்தவர்களிடம் அட்டை விவரங்களைக் கேட்டறிந்து ஏமாற்றியோர் உண்டு. வங்கிக்கு நேர்ந்தது கடைக்கும் நேரலாம். உரிமை கோரப்படாத வணிகக் குறிப்பு, பூட்டப்படாத கடைக்கு ஒப்பு. உங்கள் குறிப்பை உங்கள் கணக்கில் கொண்டுவந்து, மாதம் ஒருமுறை எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

குறுக்குவழியின் விலை

2006ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் தளத்தைக் கூகுள் தன் பேரேட்டிலிருந்து நீக்கியது. தேடுபொறிக்கென்று சொற்களைக் குவித்த ஒரு பக்கத்தையும், வரும் மனிதருக்கு வேறொரு பக்கத்தையும் காட்டியது அதற்குக் காரணம். அப்பக்கங்கள் அகற்றப்பட்டபின் சில நாட்களில் தளம் மீண்டும் சேர்க்கப்பட்டது. 2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜே.சி. பென்னி என்னும் பெரும் அங்காடி நிறுவனத்திற்கு, தொடர்பே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து இணைப்புகள் தரப்பட்டிருந்ததை நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளிக்கொணர்ந்தது. அந்நிறுவனம் தனக்கு இதுபற்றித் தெரியாது என்று கூறி, தேடல் ஆலோசகர்களை விலக்கியது. ஆயினும் தேடல் வரிசையில் சரிந்தது ஆலோசகர்கள் அல்லர், அங்காடிதான். மறு ஆண்டு ஏப்ரலில், செயற்கை இணைப்புகளைக் கண்டறிந்து தளங்களைப் பின்தள்ளும் ‘பெங்குவின்’ என்னும் முறையைக் கூகுள் புகுத்தியது.

பெரும் நிறுவனங்கள் இச்சரிவைத் தாங்கி எழுந்தன. இணையவழி ஆர்டர்களை நம்பிச் சரக்கு வாங்கி, தவணை கட்டும் சிறுதொழிலருக்கு இரண்டு மாதச் சரிவு கூடப் பெரும் சுமையாகும். முகவர் செய்யும் செயலின் விளைவு உரிமையாளரையே சேரும் என்பதால், அவர் என்ன செய்கிறார் என்பதை அறிந்துகொள்ளும் பொறுப்பும் உரிமையாளருடையதே.

ஒப்பந்தம் செய்யுமுன் கேட்க வேண்டியவை

கட்டணமில்லா முடிவுகளில் முதலிடத்தை எவரும் உறுதியளிக்க இயலாது என்றும், முன்னிடம் தருவதற்குத் தான் பணம் பெறுவதில்லை என்றும் கூகுள் தன் வழிகாட்டுதல்களில் தெளிவாகக் கூறியுள்ளது. ஆகவே, உறுதியளிப்பவரிடம் பின்வரும் கேள்விகளை முன்வையுங்கள்.

1. பெற விரும்பும் தொகை விளம்பரத்துக்கா, தளத்தைச் சீர்செய்வதற்கா? விளம்பரம் பணம் தீர்ந்த அன்றே நின்றுவிடும். அதுவும் தேவையானதாக இருக்கலாம். ஆனால் இரண்டும் தனித்தனிச் செலவுகள்.

2. ஒவ்வொரு மாதமும் என்னென்ன பணிகள் செய்யப்படும்? பட்டியல் எழுத்தில் கிடைக்குமா?

3. பிற தளங்களிலிருந்து இணைப்புகள் பெறப்படுமா? ஆமெனில் எவ்வாறு? ‘ஐந்நூறு இணைப்பு, இவ்வளவு ரூபாய்’ என்று எண்ணிக்கையில் விலை கூறினால் விலகிவிடுங்கள்.

4. தள முகவரி எவர் பெயரில் பதியப்படும்? உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் மட்டுமே பதியப்படல் வேண்டும். முகவரின் பெயரில் இருந்தால், உறவு முறியும் நாளில் கடையின் பெயர்ப்பலகையே அவர் கைக்குச் சென்றுவிடும்.

5. பலனை எவ்வாறு அளப்பீர்கள்? ‘கூகுள் சர்ச் கன்சோல்’ என்னும் இலவசச் சேவை, எந்தச் சொற்களைத் தேடியபோது உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் அதைத் திறந்தனர் என்பவற்றைக் காட்டுகிறது. மைக்ரோசாப்டின் பிங் தேடுபொறிக்கும் இத்தகைய சேவை உண்டு. அவற்றின் உரிமையாளர் கணக்கு உங்களிடமே இருக்கட்டும்.

நேர்மையான மேம்பாட்டின் பலன் தெரிய மாதங்கள் ஆகும். ஒரு வாரத்தில் மாற்றம் காட்டுவதாகக் கூறுவோரிடம் முழுத் தொகையையும் முன்பணமாகச் செலுத்துதல் விவேகமன்று.

நாம் தேடும்போது

வரிசை எவ்வாறு உருவாகிறது என்பதை அறிந்தவர், தாம் தேடும்போதும் எச்சரிக்கையாக இருப்பார். தேடல் முடிவின் மேற்பகுதியில் வருவது விளம்பரமாக இருக்கலாம். ஆங்கிலத்தில் ‘ஸ்பான்சர்டு’ என்ற குறிப்பு அதனை உணர்த்தும். 2024 ஆகஸ்டு முதல் இந்தியாவிலும் சில தேடல்களுக்குச் செயற்கை நுண்ணறிவு தொகுத்த சுருக்கம் மேலே தோன்றுகிறது; அதுவும் பிற பக்கங்களிலிருந்து திரட்டப்பட்டதே. முன்னால் நிற்கும் பக்கம் பொருத்தமானது என்று தேடுபொறி கணித்துள்ளது. உண்மையானது என்று எவரும் உறுதிமொழி கொடுக்கவில்லை.

ஆகவே, வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடலில் எடுத்து அழைக்க வேண்டாம். அட்டையின் பின்புறத்திலும், கணக்குப் புத்தகத்திலும், வங்கியின் சொந்தத் தளத்திலும் உள்ள எண்ணையே பயன்படுத்துங்கள். போலித் தளங்களை எளிதில் பிரித்தறியும் பொருட்டு, ‘டாட் பேங்க் டாட் இன்’ என முடியும் தனி முகவரிக்கு 2025 அக்டோபர் 31க்குள் மாறுமாறு வங்கிகளை இந்திய ரிசர்வ் வங்கி பணித்தது. முகவரியின் இறுதிப் பகுதியைப் பார்க்கும் பழக்கத்தைக் குடும்பத்தினர் அனைவருக்கும் கற்பியுங்கள். எவரேனும் ஏமாற்றப்பட்டால், தாமதமின்றி 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும்.

இவ்வாரப் பயிற்சி

தொழில் நடத்தும் வாசகர்கள் இவ்வாரம் மூன்று செயல்களைச் செய்து பார்க்கலாம். ஒன்று, முன்னர் கூறிய முறையில் உங்கள் தளம் பேரேட்டில் உள்ளதா எனச் சோதித்தல். இரண்டு, வரைபடக் குறிப்பிலுள்ள தொலைபேசி எண்ணை வேறொரு கைப்பேசியிலிருந்து தேடி அழைத்துப் பார்த்தல். மூன்று, வாடிக்கையாளர்கள் மிகுதியாகக் கேட்கும் ஐந்து கேள்விகளுக்கு உங்கள் பக்கத்தில் விடை உள்ளதா என ஒப்பிடுதல். இம்மூன்றுக்கும் பணச்செலவு இல்லை. ஒரு பிற்பகல் போதும். இவற்றில் கண்ட குறைகளைச் சீர்செய்தபின்னும் உதவி தேவைப்பட்டால் வல்லுநரை அமர்த்துங்கள். அப்போது எதற்காகப் பணம் கொடுக்கிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.